யக்ஷியின் வலது கை

பவானிபூர், கல்கத்தா
3 பிப்ரவரி 1909

அன்புள்ள அண்ணனுக்குச் சந்தானம் வணக்கமாய் எழுதிக்கொண்டது. மீனாக்ஷியும் குழந்தையும் சுகம். எனக்குத்தான் சுகமில்லை.

நீங்கள் வார்த்தனுப்பிய யக்ஷி நேற்று வந்து சேர்ந்தாள். கம்பெனி துரை அவளை மேஜைமேல் நிறுத்தி, பக்கத்தில் போட்டோவையும் வைத்து, "இந்தக் கை யாருடையது?" என்று கேட்டார். இங்கே ஜாதுகர் என்கிறார்களே, அந்த மியூசியத்துக் கற்சிலைக்கு வலது கை கிடையாது. போட்டோவிலும் கிடையாது. உங்கள் வெண்கலத்தில் மட்டும் பூவோடு ஒரு கை. பாரிஸில் வாங்குகிறவருக்கு அந்த மூளிதான் வேண்டுமாம். மார்ச் கப்பலுக்குள் சரியான சிலை வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று துரை சொல்லிவிட்டார். கையில்லாமல் ஒன்று வார்த்தனுப்புங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கள் தம்பி
சந்தானம்

சுவாமிமலை
11 பிப்ரவரி 1909

சிரஞ்சீவி சந்தானத்துக்கு ஆசீர்வாதம்.

உடைந்த கையைச் சரிசெய்து தரத்தான் போட்டோ அனுப்பினார்கள் என்று நினைத்தேன். வேறெதற்கு நம்மிடம் வருவார்கள்? அந்தக் கைக்கு அளவு பார்த்து மெழுகு பிடிக்கவே நாலு நாள் ஆயிற்று.

பின்னமான உருவம் நம் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. உடைந்தால் உருக்குவோம், உடைத்து வார்க்க மாட்டோம். பத்து வருஷம் இங்கே அப்பாவிடம் அரம் பிடித்த உனக்கு இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வருகிறது.

நடராஜன்

கல்கத்தா
2 மார்ச் 1909

அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் ஆத்திரத்தால் என் வீட்டில் உலை கொதிக்காது. நானே ரம்பம் வாங்கி வந்து கையை அறுத்துவிட்டேன். மீனாக்ஷி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அறுக்கும்போது என் கை நடுங்கிப்போயிற்று, நம்புங்கள்.

துரைக்குப் பரம திருப்தி. வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். இன்னும் பன்னிரண்டு வேண்டுமாம். அறுத்த கையைக் கங்கையில் போட மனம் வராமல் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்தப் பன்னிரண்டையாவது கையில்லாமல் வாருங்கள். மறுபடி என்னால் முடியாது.

சந்தானம்

சுவாமிமலை
14 மார்ச் 1909

சிரஞ்சீவி சந்தானத்துக்கு.

கை வந்து சேர்ந்தது. பன்னிரண்டையும் முழு உருவமாகவே வார்த்துத் தருகிறேன். வலது கைகளைத் தனியாக வார்த்து முளையில் மாட்டி அனுப்புவேன். திருகினால் கழன்று வரும். குழியை அரக்கு வைத்து அடைத்துவிடு. இனி நீ ரம்பம் எடுக்க வேண்டியதில்லை. கழற்றிய கைகளை இங்கே அனுப்பாதே. அவை உன் வீட்டிலேயே இருக்கட்டும்.

கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறாய். நீ அறுத்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பா அறுத்ததுபோல் நேராக இருக்கிறது.

நடராஜன்