வெள்ளைக் கல்லுக்குள் நூற்றுப் பதினேழு

9-11-1971
மலையில் நாலு மூலைக்கும் வெள்ளைக் கல் நட்ட கட்டங்களில் பத்தாவதும் எண்ணி முடித்தேன். முட்டி கழன்றுவிட்டது. ஆச்சா மரக் கன்று மொத்தம் நூற்றுப் பதினேழு. 68-இல் இதே பத்துக் கட்டத்தில் நாற்பத்தொன்றுதான். ஆடு மேயும் மலையில் மரக்கன்று பெருகுகிறது! ரேஞ்சர் ராஜப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. இதை வைத்தே மேல்காட்டையும் மேய்ச்சலுக்குத் திறந்துவிடலாம், ஒரு வாரத்தில் அறிக்கை கொடு என்கிறார். நாலு வருஷம் குனிந்து குனிந்து எண்ணிய வனவர் நான். துள்ளிக் குதிக்க வேண்டியவன். நோட்டையே மறுபடி மறுபடி புரட்டுகிறேன். ஏன்?

10-11
அறிக்கை எழுதவில்லை. வீட்டில் ஆரோக்கியம்மாள் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை தட்டை மூடி வைத்துவிட்டாள்.

13-11
வேலை இல்லாமலே மலைக்குப் போனேன். கட்டத்துக்கு வெளியே, அதே அளவில் காலால் கோடு கிழித்து எண்ணினேன். இரண்டு கன்று. இன்னொரு இடம் — ஒன்றுமில்லை. இன்னொன்று — அதுவும் இல்லை.

நாற்பது ஆட்டோடு பாஞ்சாலி வந்தாள். தினமும் அந்த மலையில் மேய்ப்பவள். வெள்ளைக் கல்லுக்குள் மட்டும் எப்படியம்மா கன்று நிற்கிறது என்றேன். பெருமையாகச் சொன்னாள்:

"நீங்க வருசா வருசம் வந்து குனிஞ்சி எண்றீங்க, பாவம். ஆடு தின்னுட்டா உங்க கணக்கு கெட்டுப் பூடுமில்லீங்க? கல்லாண்ட வந்தாலே வெரட்டிடுவேன். மத்தவங்களுக்கும் சொல்லி வெச்சிருக்கறேன்."

நல்லா இரு தாயே என்றுவிட்டு இறங்கினேன்.

14-11, ஞாயிறு
பூசையில் மனம் நிற்கவில்லை. தப்பு அவளுடையதா? மூலைக்கல்லுக்கு வெள்ளையடித்தவன் யார்? கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறைக்கு அடித்த மிச்சச் சுண்ணாம்பு — வீணாகக் கூடாதாம், எனக்குத் தேட லேசாக இருக்குமாம். மடையா! நான் பார்க்கும் இடம் இதுதான் என்று ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டு, மலையைப் பார்த்தேன் என்கிறாய்.

16-11
ரேஞ்சரிடம் சொன்னேன். கல்லுக்குள் எண்ணச் சொன்னோம், எண்ணிவிட்டீர், விட்டுத் தொலையும் என்றார். விட்டால் மேல்காடும் மொட்டை. எழுதினால் நாலு வருஷம் குப்பையில்.

19-11
எழுதிவிட்டேன். என் கணக்கு செல்லாது என்று என் கையாலேயே. ரேஞ்சர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மேலே அனுப்பினார்.

28-11
வரைபடத்தில் மலை முழுக்கக் கட்டம் போட்டு, எண் கொடுத்து, சீட்டெழுதிச் சொம்பில் குலுக்கினேன். ஆரோக்கியம்மாள் இருபது சீட்டு எடுத்தாள். நானே பொறுக்கினால் நல்ல இடமாகப் பார்ப்பேன். இனிக் கல் வேண்டாம். மூலைக்கு ஒரு இரும்பு ஆணி, மண்ணுக்குள். பாறையிலிருந்து எத்தனை அடி என்பது என் நோட்டில் மட்டும். பாஞ்சாலிக்கும் சொல்லக் கூடாது.

11-11-1972
இருபது கட்டம். கன்று மூன்று.

3-3-1973
உத்தரவு வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு மலையில் ஆடு கூடாது. என் மூன்றை வைத்துத்தான்.

பாஞ்சாலி வீட்டுக்கே வந்தாள். சத்தம் போடவில்லை. காரிமங்கலம் சந்தையில் எல்லா ஆட்டையும் விற்றுவிட்டாளாம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. மூணுன்னு எழுதனீங்களாமே, நெஜந்தானுங்களா?"

நிஜம்தான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். செய்தது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன் இப்படி உழல்கிறேன்?

12-11-1977
எண்ண வந்த கூலியாட்களில் இந்த வருஷம் பாஞ்சாலியும் இருந்தாள். ஏழாவது கட்டத்தில் ஆணி அகப்படவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டு பாறைக்கும் புதருக்கும் நான் நடக்க, அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். ஆணித்தலை தெரிந்தது.

"பொதச்ச மறுநாளே தெரியுங்க, இருவது எடமும். மண்ணு புதுசா இருந்துச்சி."

அப்படியானால் ஆட்டை ஏன் விரட்டவில்லை? அவளே சொன்னாள்:

"இந்தத் தடவ கல்லு வெக்கலீங்களே. மேஞ்சா மேயட்டும்னுதான் பொதச்சிருக்கீங்கன்னு வுட்டுட்டேன்."

விரட்டியிருந்தால் மலை அவளிடமே இருந்திருக்கும்.

குனிந்து எண்ணத் தொடங்கிவிட்டாள். ஒன்பது என்றாள். எழுதிக்கொண்டேன். மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.