பனிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு

டீச்சர்,

மழை விடுமுறை முடிந்து இன்று காலை பள்ளி பீரோவைத் திறந்தேன். ஈர வாடையோடு கலந்து கிரேயான் மெழுகின் வாசனை வந்தது. நீங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் உங்கள் சேலையிலிருந்து வந்த வாசனை. பின்னால் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்ததால் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பாடத்துக்குப் போய்விட்டேன். இப்போது எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உங்களோடு பேச வேண்டும்போல் இருக்கிறது.

நீங்கள் சேலத்திலிருந்து மாற்றலாகி ஏற்காட்டு மலையிலிருக்கும் நம் நாகலூருக்கு வந்த புதிதில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர்கள் ஊரை வரையச் சொன்னீர்கள். எல்லாத் தாளிலும் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் தென்னை. பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த என்னிடம் தாள்களைக் கொண்டுவந்து காட்டினீர்கள்.

“ஏனுங்க டீச்சர், இங்க ஆறு எங்கீங்க ஓடுது? மலை மேலயே நிக்கறவங்களுக்கு மலை இப்படியா தெரியும்?”

“எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் போடுமுங்க,” என்றேன். அதற்கு முன் அது எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் அவர்களை வெளியே அழைத்துப்போய் வேலியோரம் உட்காரவைத்தீர்கள். “கண்ணுல படறத மட்டும் போடுங்க சாமி” என்றீர்கள். அன்று சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிய மிளகுக் கொடி வந்தது. காப்பிச் செடிமேல் காயப்போட்ட பாவாடை வந்தது. வரைந்தவர் எழுந்து நின்று அந்தப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. “எழுத்தே வரலீங்க, படம் எதுக்குங்க?” என்று கேட்டுவந்த ஒரு தகப்பனிடம், “சொல்ல வந்துட்டா எழுதவும் வந்துருமுங்க, கொஞ்சம் பொறுங்க” என்றீர்கள். அவர் சமாதானமாகவில்லை. நீங்களும் நிறுத்தவில்லை.

உங்கள் வகுப்புக் கோபிகாவை ஏற்காட்டில் நடந்த ஓவியப் போட்டிக்குக் கூட்டிப்போனோம், நினைவிருக்கிறதா? அவள் அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். தாள் முழுவதையும் சாம்பல் நிறத்தில் தேய்த்துவிட்டு, ஓரத்தில் மட்டும் மஞ்சளாய் ஒரு பொட்டு வைத்திருந்தாள். நடுவராக வந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “படத்தையே காணோமேம்மா?” என்றார். பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

திரும்பிவரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இனிமே நானும் சூரியனே போடறேனுங்க டீச்சர்.” ஏதாவது தேறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள் என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு அவளைக் கேட்டீர்கள்.

“அந்தப் பனிக்குள்ள என்ன கண்ணு இருக்குது?”

இரண்டு வளைவு தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இரண்டாவது முறை கேட்கவில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்தாள். “அம்மா இருக்குதுங்க. காப்பிக் காட்டுக்குப் போவுது. பக்கத்துலயே காட்டெருமை நிக்குது. அம்மாவுக்கு அது தெரியல. அதுக்கும் அம்மா தெரியல. பஸ்ஸு லைட்டு கிட்ட வந்தாத்தான் தெரியும்.”

முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் முழுசாகத் திரும்பிவிட்டார். “அய்யோ, அப்பறம் என்னாச்சு சாமி?”

“பஸ்ஸு வேற வளைவுல திரும்பிருச்சுங்க. அதனால ரெண்டு பேரும் பயப்படாம அவங்கவங்க வழியில போய்ட்டாங்க.”

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். கோபிகா மடியிலிருந்த தாளை எடுத்து மடிப்பை நீவினாள். அதன்பின் அவள் சூரியனைப் பற்றிப் பேசவில்லை.

சர்க்கரை உங்கள் கண்ணைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. பிறகு சிறுநீரகம். சேலத்து ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் கொடுத்தனுப்பிய படங்களைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தேன். கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரம் வந்த பிறகுதான், உங்களால் அவற்றைப் பார்க்க முடியாது என்பதே உறைத்தது. வெளியே எடுக்கத் தயங்கினேன். தாள் சலசலத்ததை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

“நீங்க சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.”

எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். “ரெண்டாவது படிக்கற ஆயிஷா போட்டதுங்க. பஸ் ஸ்டாப் கடைக்காரர் பொண்ணு. ஒரு ஊடு. ரெண்டு மரம். ஒரு நாய்.”

நீங்கள் சிரித்தீர்கள். நோவோடுதான் சிரித்தீர்கள். “மளிகைச் சாமான் சொல்றாப்ல இருக்குதுங்க. நாய் எந்தப் பக்கம் பாக்குது?”

அப்போதுதான் தாளை ஒழுங்காகப் பார்த்தேன். “ஊட்டப் பாக்கலீங்க. ரோட்டப் பாக்குது.”

“யாரு வராங்களாம்?”

“தெரியலீங்களே. கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க.”

“மறக்காம கேளுங்க,” என்றீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை ஆயிஷாவைக் கேட்டேன். “யோசிச்சு நாளைக்குச் சொல்றேனுங்க டீச்சர்” என்றாள். மறுநாள் விடிவதற்குள் உங்கள் தம்பி போன் செய்துவிட்டார். காரியம் முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று, ஆயிஷா தானாகவே என் மேஜைக்கு வந்து சொன்னாள். ஒரு குழந்தை சொன்னதற்கு நான் அழுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

உங்கள் வெள்ளிக்கிழமை வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். எனக்கு வரையவும் வராது, கதை சொல்லவும் வராது. பிள்ளைகளிடம் கேட்கிறேன். அவர்கள் யோசிக்கும்போது அவசரப்படுத்தாமல் இருக்கப் பழகிவிட்டேன். சில நாள் ரொம்ப நேரம் ஆகிறது. ஆகட்டும் என்று இருக்கிறேன்.

ஆயிஷாவின் பதில் மட்டும் உங்களிடம் சேராமல் என்னிடமே நின்றுவிட்டது. கேட்டுக்கொள்ளுங்கள்.

“அது வர்றவங்களப் பாக்கலீங்க டீச்சர். வந்துட்டுப் போறவங்க கண்ணுக்கு மறையற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்குது.”