நிலையோடு ஒட்டிக்கொண்ட கதவு

என் ராசாத்தி செண்பகம்,

போட்டோவுக்குள் இருந்தபடி நீ சிரித்தது எனக்குத் தெரியும். ஆனாலும் நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் மகள் கனி என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போக ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தாள். குற்றாலத்தில் குளிக்க வருகிறோம் என்பதெல்லாம் வெறும் சாக்கு. "தனியா எப்படிப்பா சமாளிப்பிய?" என்று போனில் ஒரே பாட்டு. நானும் பட்டாளத்தில் டிரங்குப் பெட்டிக்கெல்லாம் பெயிண்ட் அடித்தவன்தானே? வீட்டைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டினால் வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுவருக்கு நீ கேட்ட அதே இளமஞ்சள். டேப் ஒட்டி நிலைக்கு அடித்ததில் சுவரில் ஒரு தீற்றல்கூட ஏறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் எனாமல் அடித்து முடிக்கவும் சாரல் பிடித்துக்கொண்டது. நம்மூர் இலஞ்சிச் சாரலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? ஈரப் பெயிண்டில் தூறல் படக்கூடாதென்று இரண்டு கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால் இரண்டுமே நிலையோடு ஒட்டிக்கிடக்கின்றன!

கனி வந்து தட்டுகிறாள். நான் உள்ளேயிருந்து இழுக்கிறேன். மாப்பிள்ளை வெளியிலிருந்து தோளால் முட்டுகிறார். அசைந்தால்தானே?

"கதவத் திறந்து வச்சுல்லா காயப்போடணும்? இதுகூடத் தெரியாதாப்பா?" ஜன்னல் வழியே கனி கத்தினாள்.

"சாரல் அடிச்சுதுளா, நா என்ன செய்ய?"

"கத்திய எடுத்து ஓரமா கீறுங்க!"

கீறினேன். கதவு திறந்த வேகத்தில் மாப்பிள்ளை என் மேலேயே வந்து விழுந்தார். பாவம், சட்டையெல்லாம் பிரவுன் பெயிண்ட். கனி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா இருந்திருந்தா இன்னைக்கு உங்கள உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பா."

"அவ இருந்தா நா எதுக்குளா செவத்தோட மல்லுக்கட்டுதேன்?" என்றேன். சொல்லிவிட்டு உன் போட்டோவைப் பார்த்தேன். அவளும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன்னை ரொம்பத் தேடுதுட்டி எனக்கு.

நீ கேட்ட இளமஞ்சள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தவள், துணிமணியை எடுத்து வையுங்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. காரில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள். "இங்கனயே இருங்கப்பா. ஆனா தெனமும் காலைல கதவத் திறந்ததும் எனக்குப் போன் போடணும். வரலன்னா அன்னைக்கே உங்க பெட்டியக் கட்டிருவேன்."

ஒருநாளும் தவறாமல் போடுவேன், செண்பகம். கதவைத் திறந்துவிட்டேன் என்று முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் சொல்வேன்.

என்றைக்கும்
உன் வீட்டுக்காரன்