அண்ணன் வேனுக்கு என் கையெழுத்து

2008 பிப்ரவரி 11, திங்கள்

வங்கியில் வீட்டுக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டல் சலவைப் பிரிவில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆன இன்றுவரை யாரிடமும் ஒரு காசு கடன் வாங்கியதில்லை நான். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், எச்சில் இலையைப் பார்ப்பதுபோல.

"உங்க அண்ணன் வேன் லோனுக்கு ஜாமீன் போட்டிருக்கீங்க. அவரு கட்டல. அது உங்க பேர்லயும் நிக்குதும்மா."

அண்ணன் ராஜ்மோகன். டூரிஸ்ட் வேன் முதலாளி! வேனை பைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போய் ஒரு வருடமாகிறது. கறுப்புக் கண்ணாடியை மட்டும் துரை இன்னும் கழற்றவில்லை.

பிப்ரவரி 12

செண்பகனூரில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கும் இதே வீட்டைத்தான் வாங்கக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் கந்தவேல் பழனிக்கு, மகனிடம் போகிறாராம். "அடுத்த தை வரைக்கும் பொறுக்கேன். அப்புறம் மதுரை டாக்டருக்குக் குடுத்துருவேன்." பெரிய வள்ளல். ஒழுகுகிற கூரைக்கு இத்தனை வருடம் வாடகை வாங்கியவர்.

அம்மா பிறந்தது இலங்கையில் தோட்ட லயம், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை. கப்பலேறி வந்து சேர்ந்ததும் பெரும்பாறை எஸ்டேட் லயம். சொந்தக் கதவு என்று ஒன்றைச் சாத்தியதே இல்லை.

பிப்ரவரி 17

அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"வண்டியத்தான் அவங்களே எடுத்துட்டாங்கள்ல? கணக்கு முடிஞ்சிருச்சு."

"முடியலண்ணே. வித்த காசு கடனுக்குப் பத்தலையாம்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

அண்ணி டிவியை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. நல்ல ஜோடி.

ஏப்ரல் 3

திண்டுக்கல், பைனான்ஸ் ஆபீஸ். டை கட்டிய ஒருவன், "பாதி கட்டுங்க மேடம், செட்டில்மென்ட் போட்டு முடிச்சுரலாம்" என்றான். என் சீட்டுப் பணத்தைக் கொட்டிவிட்டு வந்தேன். விட்டது சனி.

ஜூலை 21

விடவில்லை.

"செட்டில்டுன்னு பதிவாயிருக்கும்மா. அப்டின்னா முழுசாக் கட்டலன்னு அர்த்தம். மிச்சத்தையும் கட்டி, பாக்கி இல்லன்னு லெட்டர் வாங்குங்க" என்கிறார் வங்கி மேனேஜர்.

கட்டாவிட்டாலும் குற்றம், பாதி கட்டினாலும் குற்றம். என்ன எழவு நியாயம் இது? அந்த டைக்காரன் ஒரு வார்த்தை சொன்னானா? அவனுக்கென்ன, அவன் சோலி முடிஞ்சிருச்சு!

பஸ்ஸில் அழுதுவிட்டேன். எதிர் சீட்டில் குல்லா போட்ட டூரிஸ்ட் ஒருவர் சாக்லேட் நீட்டினார். கருணை.

ஜூலை 22

அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "அம்மாவுக்கு ஒரு கதவாச்சும் சொந்தமா இருக்கக் கூடாதா? ஒன் பவுசுக்கு நாங்கதான் கெடைச்சமா?"

அண்ணன் வெளியே வந்தான். கண்ணாடியைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது. நடிப்பு.

ஆகஸ்ட் 14

பூண்டியில் கேரட் ஏற்றும் லாரிக்கு டிரைவராகப் போகிறானாம். முதலாளி கூலிக்குப் போகிறார். எத்தனை நாளைக்கு?

செப்டம்பர் 5

கடன் பாக்கிக்கென்று சம்பளத்தை அண்ணியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். அவள் எதிரிலேயே எண்ணித்தான் வாங்கினேன். முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

டிசம்பர் 9

ஒரு மாதம்கூடத் தவறவில்லை அவன். திட்டக் காத்திருந்த வாய் சும்மா கெடக்கு.

பாக்கி தீர்ந்தது, லெட்டர் கையில். ஆனால் அது பதிவாக இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். கந்தவேல் வைத்த தை மாதக் கெடு அதற்குள் முடிந்துவிடுமே, எங்கே போக?

2009 ஜனவரி 16

கந்தவேல் வந்தார். வாடகைக்கு என்று நினைத்தேன். பங்குனி வரை பொறுப்பதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணன் வந்தாருத்தா. 'எந்தங்கச்சி யாரையும் ஏமாத்த மாட்டா. அவள ஏமாத்துனவன் நாந்தான். கொஞ்சம் பொறுங்கய்யா'ன்னாரு."

இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

மார்ச் 27

கடன் பாஸாகிவிட்டது. மேனேஜர் எழுந்து நின்று வாழ்த்தினார். இன்றைக்குத்தான் அவருக்கு முழங்கால் மடங்கி நிமிர்கிறது.

ஜூன் 7, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்திருந்தார்கள். அம்மா முருகன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"ஏம் புள்ள, செவுத்துல ஆணி அடிக்க யார்ட்டக் கேக்கணும்?"

"யார்ட்டயும் கேக்க வேணாம்மா."

அண்ணன் அடித்தான். ஆணி கோணிக்கொண்டது. சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. என்ன லட்சணத்தில் வீட்டை வைத்திருக்கிறார் இந்த வீட்டுக்காரர் என்று திட்ட வாயெடுத்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரி நான்தான்.