மூன்றாம் எபிசோடில் போகிறவள்

மைசூர்,
நவம்பர் 18

அன்புள்ள ஸ்வீட்டி அக்காவுக்கு,

தங்கை நிம்மி எழுதுவது. நான் நலம். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், மற்றதைக் கேட்காதே. நேற்று நீ டப்ளினிலிருந்து போனில் கத்தியபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் பதில் சொல்ல முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு டியூட்டிக்கு ஓடிவிடுவாய். காகிதம் என்றால் இன்னொரு தடவையும் படிப்பாய்.

இரண்டு கேள்வி கேட்டாய். சின்னதற்கு முதலில் பதில். அந்தப் பழைய விண்வெளித் தொடரையே எத்தனை தடவைதான் அவருக்குப் போடுவாய், உனக்குச் சலிக்கவில்லையா என்றாய். நாம் சின்னவர்களாக இருந்தபோது அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த ‘தொலைவானம்’தான். இப்போது பதினோராவது தடவை ஓடுகிறது. மறதி நோய்க்காரருக்கு என்றைக்கும் புதுப்படம். லாபம் எனக்குத்தான். முதல் தடவை, கதை எங்கே போகிறது என்று பார்க்கிறோம். ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பது மறுபடி பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது.

மூன்றாம் எபிசோட் நினைவிருக்கிறதா? எரிபொருள் தீர்ந்து விண்கலம் நின்றுபோகும். கேப்டனின் மகள் ஈரா ஒரு சின்னக் கலத்தில் உதவி தேடிப் புறப்படுவாள். பத்தே நாளில் வந்துவிடுகிறேன் என்று அப்பன் கையைப் பிடித்துச் சொல்வாள். நீயும் நானும் தேம்பித் தேம்பி அழுதோம். இப்போது பார். போவதற்கு முன்னால் செத்துப்போன அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைக்கிறாள். பத்து நாளில் திரும்புகிறவளுக்குப் படம் எதற்கு? கண் முன்னாலேயேதான் எடுத்து வைக்கிறாள், அழுகிற அழுகையில் நாம் கவனிக்கவில்லை.

நம் அம்மாவின் கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணி ஹாலில் அப்படியே இருக்கிறது. இரண்டு வருஷ காண்ட்ராக்ட் என்றாய். மூட வராத உன் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து மூடிக் கொடுத்த முட்டாள் நான்தான். ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்தக் காட்சி வந்தால் அப்பா, “நல்ல பொண்ணு, வந்துடுவா பாரு” என்பார். அடுத்த நிமிஷமே நம்ம ஸ்வீட்டி எத்தனை மணிக்கு வர்றா என்று கேட்டு, ஷூ போட்டுக்கொண்டு கேட்டருகே போய் நிற்பார். நானும் வருவாள், வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் நான் குளித்து வருவதற்குள் பஸ் ஏறிவிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மழையில் நின்றவரை பசவராஜ் என்கிற பேக்கரிக்காரர் உட்காரவைத்து, சட்டைப்பையில் நான் எழுதி வைத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து ஈர ஷூவைக் கழற்றும்போது சொல்லிவிட்டேன், “ஸ்வீட்டி செத்துட்டாப்பா” என்று.

நீ செத்துவிட்டாய் என்று அப்பாவிடம் யார் சொன்னது என்ற உன் பெரிய கேள்விக்கு இதுதான் பதில். ஆமாம், நான்தான் சொன்னேன்.

அம்மா போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை. பிறகு முகம் கழுவிவிட்டுக் காபி கேட்டார். மறுநாள் மாலை மறுபடி ஷூ, மறுபடி சொன்னேன். ஆறு நாளில் ஆறு தடவை செத்தாய். ஏழாம் நாள், ஹெட்மாஸ்டர் காலத்துப் பழக்கம், அழுதுகொண்டே ஒரு துண்டுச்சீட்டு எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். ‘ஸ்வீட்டி இறந்துவிட்டாள். பூசை கொடுக்க வேண்டும்.’ தினமும் சட்டை மாற்றும்போது சீட்டையும் மாற்றிக்கொள்கிறார். கேட்டுக்குப் போவதில்லை.

போன வாரம் அந்தச் சீட்டோடு மாதா கோயில் ஆபீசுக்கே போய்ப் பூசைக்கு எழுதிவைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஞாயிறு தமிழ்ப் பூசையில், சகாயநாதன் சார் மகள் ஸ்வீட்டியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார்கள். நான் எழுந்து தடுத்திருக்கலாம். முழங்காலிட்டு உனக்காக வேண்டிக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். துக்கம் கேட்க மோலி அத்தை உன் நம்பருக்குக் கூப்பிட, நீயே எடுத்ததும் அலறிவிட்டாளாமே.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் லீவில் வந்து எல்லாவற்றையும் சரி செய்கிறேன் என்றாய். அதே பத்து நாள்! நீ வந்தால் சீட்டைக் கிழிக்க வேண்டும். விமானம் ஏறிய மறுநாள் அவர் ஷூவைத் தேடுவார், நான் மறுபடி முதலிலிருந்து உன்னைக் கொல்ல வேண்டும். இனி என்னால் ஆகாது. அம்மா படத்தை எடுத்துக்கொண்டு இங்கேயே இருக்க வா, சீட்டை நானே கிழிக்கிறேன். பத்து நாளுக்கென்றால் வராதே.

அப்பா இப்போதுதான் வந்து யாருக்குக் கடிதம் என்று கேட்டார். வெளிநாட்டில் நர்சாக இருக்கும் சிநேகிதிக்கு என்றேன். சட்டைப்பையைத் தடவிக்கொண்டார். “தூரத்துல இருக்கற பொண்ணு, ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு. என் ஆசீரையும் எழுது. அவங்கப்பாவ நான் ரொம்பக் கேட்டதா எழுது” என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் தங்கை,
நிம்மி