பல்லில்லாத தோழன்

ஸ்காபரோ
கனடா
13.4.1998

அன்பு மகன் பிரவீனனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் தங்கச்சி கௌசியும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அங்கு நீயும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் சுகமாக இருக்கிற ஒருவனுக்கு முன்பல் இரண்டும் வாயில் இருக்கும், ஆகையால் அதை எழுதாமல் விடுகிறேன். வாசிக்கக் கஷ்டமென்றால் எழுத்துக்கூட்டி வாசி. சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது இதற்குத்தான். கௌசிக்குப் போன் எடுத்து, அம்மா என்ன எழுதியிருக்கிறா என்று கேட்கிற வேலை வேண்டாம்.

அலபாமாவில் இப்போதே வெயில் கொளுத்துகிறது என்று ரீவியில் சொன்னார்கள். ஐஸ் என்றால் தேத்தண்ணிக்குள் போடுகிற சாமான் என்று நினைக்கிற ஊரில் போய் நீ ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாய். இங்கே ஆறு மாதம் வாசற்படியிலேயே ஐஸ் கிடக்கிறது, அதை வெட்டி வழிக்க ஆளில்லை. கேட்டால் அப்பாவிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, சின்ன லீக்கில் விளையாடித்தான் பெரிய லீக்குக்குப் போகவேண்டுமாம். மூன்று வருஷமாகச் சின்ன லீக். உன்னைக் கூப்பிட வந்த பெரிய லீக்குக்காரர் வழியில் பஸ்ஸைத் தவறவிட்டார்கள் போல.

போன மாதம் வீடியோக்கடைப் பொன்னம்பலம் அப்பாவிடம் ஒரு வீடியோக் கொப்பியைக் கொடுத்து, அண்ணை, உங்கடை மகன்ரை விளையாட்டு, கடைக்கு வந்த சனம் முழுக்கப் பாத்திட்டுது என்றாராம். பெருமையாகத்தான் போட்டுப் பார்த்தோம். விளையாட்டு எங்கே? நீ அடிக்கிறதும் உனக்கு அடிக்கிறதும்தான் மாறி மாறி வருகிறது. கையுறையைக் கழற்றி எறிகிறாய், எதிரில் நிற்கிறவனின் சட்டையைப் பிடிக்கிறாய், முடிந்ததும் தண்டனையென்று உன்னைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்துகிறார்கள், நீ வாயில் துவாயை வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாய். இதுவா உத்தியோகம் என்று கேட்டேன். உங்கள் அணியில் கோல் அடிக்கிற ஒரு சின்னப் பெடியன் இருக்கிறானாம், ஆராவது அவனை இடித்தால் நீ முன்னுக்குப் போய் நிற்கவேண்டுமாம், அதுதான் உனக்குத் தந்த வேலையாம், அப்பா ஏதோ பெரிய பதவியைச் சொல்லுகிற மாதிரிச் சொல்லுகிறார். கோல் அடித்துக் கையைத் தூக்குகிறவன் அவன், பல்லைப் பறிகொடுக்கிறவன் நீ. நல்ல வேலை பிடித்தாய், என் ராசா! ஒரு இடத்தில் நீ விழுந்து எழும்பவில்லை. அப்பா தண்ணி குடிக்கிற சாட்டில் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். நான் நீ எழும்புகிற இடம் வரும்வரை பார்த்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

ஆரோ பெற்ற பிள்ளைக்காகப் போய் நிற்கத் தெரிந்த உனக்கு, கூடப்பிறந்தவளுக்காக ஒருநாள் வந்து நிற்கத் தெரியவில்லையே. கௌசிக்குக் கலியாணம் இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. மண்டப வாசலில் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவர் போடுகிற மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன் பெண்ணின் சகோதரன். அவளுக்கு உன்னை விட்டால் ஆர் இருக்கிறார்கள்? நீ என்னடாவென்றால், ஸொறி அம்மா, பிளே-ஓஃப் போட்டி நடக்குது, வெண்டு அடுத்த சுற்றுக்குப் போனால் வர ஏலாது, பிரசாந்தை நிக்கச் சொல்லுங்கோ என்கிறாய். உன் பெரியம்மாவின் மகன் பிரசாந் நல்ல பிள்ளைதான், நானும் ஒரு மாதிரி மனதைத் தேற்றிக்கொண்டு கௌசியிடம் சொன்னேன். அண்ணா வராட்டி ஒருத்தரும் வேண்டாம், அவர் கால் கழுவாமலே உள்ளுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டாள். இது சம்பந்தி அருள்நாயகத்தாரின் காதில் விழுந்தால் என் கதி என்ன?

அதனால்தான் முதல் சுற்றிலேயே நீங்கள் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். சிரிக்காதே. ரிக்கற் எடுக்கிற இடத்தில் பெயர், நட்சத்திரம் கேட்டார்கள், பழக்கதோஷத்தில் உன் பெயரைச் சொல்லி விசாகம் என்றேன். ஐயர் உன் பெயரைச் சொல்லி எடுத்த காரியம் சித்தியாகவேண்டும் என்று விஸ்தாரமாக அர்ச்சனை செய்து, மகனுக்குப் பள்ளிக்கூடச் சோதினையோ அம்மா என்று கேட்டார். ஓம் ஐயா என்றேன், வேறு என்ன சொல்ல? அடுத்த நாள் நீ போன் எடுத்து, வெண்டிட்டம் அம்மா என்று துள்ளுகிறாய். பிள்ளையாருக்கு இத்தனை பெரிய காது இருந்தும் என் மனதில் இருந்தது கேட்கவில்லை, ஐயர் சொன்னதுதான் கேட்டிருக்கிறது. மறுபடி தேங்காயும் வாங்கிக்கொண்டு, விஷயத்தைத் திருத்திச் சொல்லப் போனேன். வாசல்வரை போயும், என் பிள்ளை தோற்கவேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்து அந்தத் தேங்காயில் சம்பல் இடித்தேன்.

இவ்வளவும் நான் படுகிற பாடு. நேற்றுக் கௌசி பொறுக்கமாட்டாமல் உன் கோச்சுக்கே போன் எடுத்துவிட்டாள். அவர் சொன்னாராம், கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை விளையாட்டு முடிந்தால் பிறகு செவ்வாய்க்கிழமைதானாம், போய்விட்டு வா என்று அவரே உன்னிடம் சொன்னாராம், நீதான் மாட்டேன் என்றாயாம். பிறகு அவள் உன்னைப் பிடித்துக் கேட்க, எல்லாரும் அந்த வீடியோவைப் பாத்திட்டினம், நான் வந்தால் உன்னைப் பாக்காமல் என்ரை வாயைத்தான் பாப்பினம், உன்ரை வெடிங் பழுதாப்போகும் என்று சொல்லி அழுதாயாம். அட மடையா! ஆறரை அடி வெள்ளைக்காரனுக்குப் பயப்படாத நீ, ஸ்காபரோ அன்ரிமாருக்குப் பயந்தா அலபாமாவில் ஒளித்திருக்கிறாய்? அவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். பார்க்கிறதற்குத்தானே கலியாண வீட்டுக்கு வருகிறார்கள். உனக்கு முதல் பல்லு முளைத்தபோது சொந்தக்காரரை எல்லாம் கூட்டிப் பல்லுக்கொழுக்கட்டை அவித்து உன் தலையில் கொட்டினவள் நான். அந்த வாயில் எத்தனை பல்லு இருக்கவேண்டும், எத்தனை போகலாம் என்று கதைக்க எனக்குத்தான் உரிமை, வேறு ஒருத்திக்கும் இல்லை. எவளாவது வாய் திறக்கட்டும், நான் முன்னுக்குப் போய் நிற்கிறேன், கூண்டுக்குள் இருத்தினால் இருத்தட்டும்.

சனிக்கிழமை விமானம் ஏறு. அப்பா விமான நிலையத்துக்கு வருவார், இப்போதே காருக்கு எண்ணெய் மாற்றிவிட்டார். பட்டு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன், சால்வை உன் தோளுக்குக் காணாது, சமாளி. கால் கழுவும்போது மாப்பிள்ளையின் காலை முறித்துவிடாதே, பாவம், அந்தப் பிள்ளை கொம்பியூட்டர் வேலை. பல்லுக் கட்டிக்கொண்டு வந்தால் நல்லது. நேரம் இல்லாவிட்டால் கட்டாமல் வா. பிள்ளையார் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
அன்பு அம்மா
இ. தவமணி

பி.கு. படம் எடுக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்காதே. சிரி.