அத்தைக்குப் பிடித்த சூப்

பாளையங்கோட்டை
2.3.1998

சௌபாக்கியவதி சண்முகப்ரியாவுக்கு அத்தை கோமதி ஆசியுடன் எழுதுவது.

ஊர் வந்து சேர்ந்தேன். முழங்கால் வலிதான் விடவில்லை. சான் ரமோனில் உன் கையால் தின்ற குழைந்த சோறும் சப்பென்ற குழம்பும் மறந்துபோயிற்று. பக்கத்து வீட்டு ஜப்பான்காரி உனக்குச் சொல்லிக்கொடுத்தாளே, அந்த சோயா சூப் மட்டும் நாக்கிலேயே நிற்கிறது. என்னென்ன சாமான் என்று எழுது. குருபூஜைக்கு வருகிறவர்களுக்கு வைத்துக்கொடுக்கணும்.

மாதவ் விஷயம். டேகேரில் கண்டதையும் ஊட்டுகிறார்கள். பேரன் சைவமாக வளர வேண்டாமா? மகாதேவன் சம்மதித்துவிட்டான். ஜூனில் கொண்டுவந்து விடுவான். ஐந்து வயது வரை என்னிடம் இருக்கட்டும். நீ நிம்மதியாக வேலைக்குப் போ.

கோமதி


சான் ரமோன்
20.3.1998

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மாதவை இடுப்பிலிருந்து இறக்கவே பயமாக இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை, அத்தை. உங்கள் மகனிடம் அழுதால், "மூணு வருஷம்தானே, ஓவரா ரியாக்ட் பண்ணாத" என்கிறார்.

சாமான் கேட்டீர்களே. கோம்பு என்று ஒரு காய்ந்த கடல்பாசி. தண்ணீரில் போட்டுச் சுடவைத்து, கொதிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். மீசோ, சோயாவை அவித்து உப்போடு மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுது. அடுப்பை அணைத்த பிறகு கரைக்கணும், கொதித்தால் மணம் போய்விடும். டோஃபு, நம் பன்னீர் மாதிரி.

நடுவில் ஒன்று இருக்கிறது. கட்சுவோபுஷி. மரச்சீவல் போல மெல்லிசாக, இளஞ்சிவப்பாக இருக்கும். கோம்புத் தண்ணீரில் போட்டு வடித்தால்தான் அந்த ருசி. ஏதோ மரப்பட்டை என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு கெய்கோவிடம் "மீட் இருக்கா?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். இல்லை என்றாள். மீனை அவள் மீட்டில் சேர்க்க மாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆமாம் அத்தை, சூரை மீன். தூத்துக்குடி பஜாரில் மாசிக் கருவாட்டுக் கடை வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்களே, அதன் கூடப் பிறந்தது.

ஜனவரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தியிருப்பேன். அன்று மத்தியானம்தான் நீங்கள் முதன்முதலாக, "ஏட்டி, ஒன் கைக்கும் ருசி இருக்கே" என்றீர்கள். அப்புறம் நீங்கள் விமானம் ஏறும் வரை ஊற்றினேன். நானும் மாதவும் தொடவில்லை.

பிள்ளையை என்னிடம் விட்டுவிடுங்கள். இது நம் இருவரோடு போகும். இல்லையென்றால் குருபூஜைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் எழுதுவேன், தீட்சை வாங்கிய கோமதியம்மாள் இன்னும் ஒரு கிண்ணம் என்று கேட்டுக் கேட்டுக் குடித்தார் என்று.

உங்கள் மருமகள்,
சண்முகப்ரியா


பாளையங்கோட்டை
17.4.1998

சண்முகப்ரியா,

உன் கடிதத்தைப் படித்ததும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். மறுநாள் குருபூஜை. அத்தனை பேர் நடுவிலும் எழுந்து நானே சொல்லிவிட்டேன், மருமகள் தெரிந்தே எனக்கு மீன் ஊட்டினாள் என்று. ஒருத்தரும் என்னைக் குறை சொல்லவில்லை. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பரிகாரம் முடிந்து மறுபடி தீட்சையும் ஆயிற்று. இனி நீ யாருக்கு வேண்டுமானாலும் எழுது.

மகாதேவனுக்கும் ஃபோனில் வரி விடாமல் வாசித்தேன். கேட்டுவிட்டு, "ஜூன் வரைக்கும் எதுக்கும்மா காத்திருக்கணும்?" என்றான். உன்னை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு அப்பனும் பிள்ளையும் நேரே ஏர்போர்ட் போனார்களாம்.

வந்த இரண்டு நாளும் மாதவ், "மம்மி எங்கே" என்று கேட்டான். இன்று கேட்கவில்லை.

கோமதி